குப்பைக்கும் ஒரு வரி: அணைக்கட்டு வட்டாரத்துச் சிறு தோட்டத் தொழிலில் வண்டிச் செலவும் கழிவுச் செலவும்

வேலூர் வட்டாரத்தில் தோட்டப் பராமரிப்பு இன்று தனித் தொழிலாகிவிட்டது. கல்லூரி வளாகங்கள், மருத்துவமனைக் குடியிருப்புகள், ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளின் முகப்புத் தோட்டங்கள், திருமண மண்டபங்கள், தோல் வணிகத்தில் தழைத்த குடும்பங்களின் பங்களாக்கள் என வேலைக்குப் பஞ்சமில்லை. அணைக்கட்டு, பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் சுற்றுக் கிராமங்களில் விவசாயம் பார்த்துக்கொண்டே மூன்று நான்கு ஆட்களைச் சேர்த்து இந்த வேலையை எடுத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். செடியின் குணமும் மண்ணின் குணமும் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஆண்டு முடிவில் கையில் நிற்பது ஒரு ஆளின் கூலிதான் என்றால், பணம் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒழுகும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு: வண்டி, குப்பை. பேரம் பேசும்போது ஆள் கூலியும் செடி விலையும் உரத்தின் விலையும் கணக்கில் வருகின்றன. வண்டி ‘நம்ம வண்டிதானே’ என்று விட்டுப்போகிறது. கவாத்து செய்த கிளையும் வெட்டிய புல்லும் ‘எங்கேயாவது போட்டுக்கலாம்’ என்று நிற்கின்றன. இந்தக் கட்டுரை இவ்விரண்டையும் சேர்த்து ஆராய்கிறது. இரண்டும் ஒரே செலவின் இரு முகங்கள் என்பதும், அந்தச் செலவை விலைச்சீட்டில் தனி வரியாக எழுதாதவரை அதைக் குறைக்க வழியில்லை என்பதும் இதன் வாதம். அதற்கான ஆதாரம், தோல் பதனிடும் தொழில் நிறைந்த இந்தத் ‘தோல் பட்டை’யின் வரலாற்றிலேயே இருக்கிறது.

வண்டி: சொந்தமா, வாடகையா?

டாடா ஏஸ் 2005இல் சந்தைக்கு வந்தது. தமிழ்நாடு அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தது. அதன் முதல் வடிவம் முக்கால் டன் சுமக்கும். 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த், ஒன்றேகால் டன் திறனோடு வந்தது. பொலேரோ பிக்கப்பும் சரக்கு ஆட்டோவும் அதே தெருக்களில்தான் ஓடுகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால் புதிய வண்டியின் ஆசையும் கூடியிருக்கிறது. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டி மாதத்தில் எத்தனை நாள் ஓடும்?

கணக்குக்காக ஒரு பழைய குட்டியானையை எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை 9,000 ரூபாய். இன்சூரன்ஸ் மாதத்துக்கு 2,000. எஃப்.சி. (தகுதிச் சான்று), டயர், சர்வீஸ் ஆகியவற்றுக்கு 3,400 ஒதுக்குகிறோம். மொத்தம் 14,400. வண்டி கொட்டகையில் நின்றாலும் இந்தப் பணம் போகும். மாதம் 24 நாள் ஓடினால் நாளுக்கு 600 ரூபாய் விழும். 10 நாள்தான் ஓடினால் 1,440. ஓட்டமில்லாத குட்டியானையும் யானைதான். கட்டிப்போட்டாலும் தீனி கேட்கும்.

இதோடு டீசல். போக வர 60 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் 380 ரூபாய். ஓட்டுநரோடும் டீசலோடும் ஒரு நாள் வாடகை 1,500 ரூபாய் என்றால், சொந்த வண்டி மாதம் 13 நாளாவது ஓடினால்தான் லாபம். அதற்குக் குறைந்த வேலை உள்ளவர் கருவிகளை இரு சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு போய், பெரிய கவாத்து நாளில் மட்டும் வண்டி பேசிக்கொள்வது மேல். மேலே உள்ள எண்களை அவரவர் எண்களால் மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் வடிவம் மாறாது.

இன்சூரன்ஸ் தொகையைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வாகனத்துக்கான கட்டாய மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 16,049 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீடும் வரியும் இதற்கு மேல்.

அணைக்கட்டிலிருந்து வேலூர் சுமார் 20 கிலோமீட்டர். ஆம்பூர் எதிர்த்திசையில், அதைவிடத் தொலைவு. ஒரே நாளில் காலையில் வேலூரின் பாகாயம், மாலையில் ஆம்பூர் என்று ஒப்புக்கொள்பவர் டீசலை மட்டும் இழப்பதில்லை. சாலையில் உட்கார்ந்திருக்கும் மூன்று ஆட்களின் கூலியையும் இழக்கிறார். வாரத்தைத் திசைவாரியாகப் பிரித்து, ஒரு நாள் வேலூர்ப் பக்கம், ஒரு நாள் பள்ளிகொண்டா, ஒரு நாள் ஆம்பூர் என்று வைத்துக்கொண்டால், நாளின் வண்டிச் செலவான 980 ரூபாய் (600 நிலைச் செலவு, 380 டீசல்) இரண்டு வாடிக்கையாளர்களுக்குள் பிரிந்து ஆளுக்கு 490 ஆகிவிடும். புதிய வாடிக்கையாளரை ஏற்கும்போது அவர் தரும் தொகையைவிட, அவர் எந்த நாளின் பாதையில் இருக்கிறார் என்பதே முக்கியம்.

சாலையில் பிடிபடும் இடங்கள்

குறைந்த வருமானத் தொழிலில் ஒரே ஓர் அபராதம் ஒரு மாத லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே நான்கு விதிகள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை என்கிறது. சிறு தோட்டத் தொழிலுக்கு இந்த வரம்புக்குள் நிற்பதே நல்லது. இரண்டாவது, ஓட்டுநர் உரிமம். 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6ஆம் தேதி உறுதிசெய்தது. தோட்டக்காரரே ஓட்டுநராக இருக்கலாம். தனி ஆள் சம்பளம் மிச்சம். மூன்றாவது, எஃப்.சி. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பத்து வயது வண்டியின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது விதிதான் தோட்டக்காரரை நேராகத் தொடுவது. 2019 திருத்தத்துக்குப் பின் 194ஆம் பிரிவின்படி அதிக எடைக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் தண்டம். கிளையும் தழையும் எடை வரம்பைத் தாண்டுவது அரிது. ஆனால் சுமை பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ வண்டிக்கு வெளியே அனுமதிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே 20,000 ரூபாய்தான். வண்டியின் பின்னால் வால்போல் ஆடும் தென்னை மட்டைகளை நினைத்துக்கொள்ளலாம். ஒரு அரிவாளும் பத்து நிமிடமும் தார்ப்பாயும் கயிறும் இந்த ஆபத்தைத் தவிர்த்துவிடும்.

சுங்கக் கட்டணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2008ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி, சுங்கச்சாவடி இருக்கும் மாவட்டத்திலேயே பதிவான, தேசியப் பெர்மிட் இல்லாத வணிக வாகனத்துக்குப் பாதிக் கட்டணம். பழைய வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. பள்ளிகொண்டா சாவடி வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. வேலூர்ப் பதிவு எண் கொண்ட வண்டி பள்ளிகொண்டாவில் சலுகை கேட்கலாம். வாணியம்பாடிச் சாவடியில் கேட்க முடியாது. அந்தப் பக்கத்து வேலைக்கு விலை சொல்லும்போது இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வண்டியில் ஏறுவது என்ன?

வேலிச்செடியைக் கத்தரித்துப் போட்ட தளர்வான கிளைகள் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோதான் இருக்கும். குட்டியானையின் தொட்டி சுமார் ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். நான்கடி உயரம் அடுக்கினாலும் நாலு கன மீட்டருக்குள்தான் வரும். 400 கிலோகூடத் தேறாது. முக்கால் டன் சுமக்கும் வண்டி பாதிச் சுமையோடு நிறைந்துவிடுகிறது. மீதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது காற்று. அந்தக் காற்றுக்குத்தான் டீசல் எரிகிறது.

கொட்டப் போகும் ஒரு நடைக்கு என்ன ஆகிறது? 30 கிலோமீட்டர் கூடுதல் ஓட்டத்துக்கு இரண்டு லிட்டர், 190 ரூபாய். ஏற்றி, போய், இறக்கி, திரும்ப இரண்டு ஆட்களுக்கு இரண்டு மணி நேரம். எட்டு மணி நேரக் கூலி 700 என்றால் இது 350. ஆக ஒரு நடைக்கு 540 ரூபாய். அதில் டீசல் மூன்றில் ஒரு பங்குதான். டீசல் விலையைப் பற்றிப் புலம்பும் தொழில் உண்மையில் ஆள் நேரத்தில்தான் அடிவாங்குகிறது. நடைகளைக் குறைப்பதுதான் வழி. மலிவான டீசல் தேடுவதில் பெரிய மிச்சம் இல்லை. மின்சார வண்டிக்கும் இதுவே பொருந்தும். 2022இல் ஏஸின் மின்சார வடிவம் வந்தது. அது 190 ரூபாயைக் குறைக்கும், 350ஐத் தொடாது.

அடர்த்தியைக் கூட்டினால் நடை குறையும். மிக மலிவான வழி, கிளைகளை ஒரே திசையில் அடுக்கி, மிதித்து, கயிறு போட்டு இறுக்குவது. அடுத்தது பெட்ரோலில் ஓடும் துகளாக்கும் இயந்திரம். துகளான கிளை கன மீட்டருக்கு 250 முதல் 300 கிலோ வரை அடங்கும். மூன்று நடை ஒன்றாகும். 60,000 ரூபாய் இயந்திரத்தை ஐந்து ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் 1,000. பெட்ரோலும் பிளேடும் இன்னொரு 1,000. மாதம் நான்கு நடை மிச்சமானால் முதல் திரும்பிவிடும். அவ்வளவு வேலை இல்லாதவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம். துகள் இயந்திரத்தில் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. தொங்கும் துண்டும் லுங்கி நுனியும் கூடவே கூடாது.

குப்பை என்று ஒன்று கிடையாது

தோட்டத்திலிருந்து வருவதை ஒரே குவியலாகப் போட்டால் அது குப்பை. தரம் பிரித்தால் பாதிக்கு மேல் சரக்கு.

பருத்த கிளை விறகு. ஆம்பூர்ப் பிரியாணி விறகடுப்பில் வேகும் பண்டம். கல்யாணச் சமையலுக்கும் செங்கல் சூளைக்கும் விறகு வேண்டும். மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்டதை மூன்றடி நீளத்தில் வெட்டி ஒதுக்கினால் விறகுக்கடையே எடுத்துக்கொள்ளும். தென்னை மட்டையில் ஓலை கீற்றுக்கும் ஈர்க்கு விளக்குமாற்றுக்கும் போகிறது. பின்னுபவர்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். மட்டையை அவர்கள் வீட்டு வாசலில் இறக்குவது வீடு திரும்பும் பாதையில் ஒரு நிறுத்தம்தான். தனி நடை தேவையில்லை.

இலை ஆட்டுக்கு. வேம்பு, பூவரசு, அகத்தி, சூபாபுல், வாகை ஆகியவற்றின் தழையை ஆடு வளர்ப்பவர்கள் விரும்பி வாங்கிக்கொள்வார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நெடுஞ்சாலை நடுவிலும் தொழிற்சாலை முகப்பிலும் அழகுக்காக நட்டிருக்கும் அரளி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடிய நஞ்சு. ஒரு கட்டு வேப்பந்தழையில் இரண்டு அரளிக் கொப்பு கலந்தால் போதும், ஒரு குடும்பத்தின் மந்தை போய்விடும். மருந்தடித்த செடியின் தழையையும் கொடுக்கக் கூடாது. ஆகவே அரளி வெட்டும் நாளில் தீவனத்துக்கென்று எதையும் ஏற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.

எஞ்சும் புல்லும் சருகும் பொடிக்கிளையும் மக்கும். மக்க வைப்பதில் பிழைகள் திரும்பத் திரும்ப நடப்பதால் செய்முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நுண்ணுயிர்களுக்குக் கரியும் தழைச்சத்தும் 25–30க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும். பச்சைப் புல்லில் தழைச்சத்து மிகுதி. தனியே குவித்தால் ஒட்டிக்கொண்டு நாறும். காய்ந்த சருகில் கரி மிகுதி. தனியே கிடந்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு பங்கு புல்லுக்கு இரண்டு பங்கு சருகு என்று கூடைக் கணக்கில் கலந்தால் ஏறக்குறையச் சரியாக வரும். குவியல் மூன்றடிக்குக் குறையாத நீள அகல உயரத்தோடு இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் களை விதைகள் பெரும்பாலும் செத்துவிடும். ஈரம், கையில் பிடித்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் அளவு இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், குவியல் கெடுவது பெரும்பாலும் ஈரமின்மையால்தான். மரநிழலும் மேலே ஓலை மூடாக்கும் வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் நுண்ணுயிர்க் கலவையை டன் கழிவுக்கு இரண்டு கிலோ சேர்த்தால் மக்குவது விரைவாகும். சாணக் கரைசலும் பழைய மக்கும் ஓரளவு அதே வேலையைச் செய்யும். கோரைக் கிழங்கையும் விதை கட்டிய பார்த்தீனியத்தையும் குவியலில் போடக் கூடாது; அடுத்த தோட்டத்துக்கு அவற்றை நாமே கொண்டுபோய் விதைத்ததாகிவிடும்.

இந்த மக்குக்கு வட்டாரத்திலேயே தேவை உண்டு. அணைக்கட்டுப் பகுதியின் இலவம்பாடி முள் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை விளைவிக்கும் உழவருக்குத் தொழுவுரம் ஆண்டுக்காண்டு அரிதாகிறது. மக்கைக் குவியலாக உழவரிடம் கொடுத்து, பதிலுக்கு அவர் நிலத்து மூலையில் குவியல் போட இடம் கேட்பது இருவருக்கும் லாபம். பையில் அடைத்து ‘உரம்’ என்று அச்சிட்டு விற்கத் தொடங்கினால் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்லும் தரங்கள் வந்து நிற்கும். சிறு தொழில் முதலிலேயே அந்த வழிக்குப் போக வேண்டாம்.

ஏற்றாத குப்பையே மலிவு

தரம் பிரிப்பதற்கும் முந்திய படி ஒன்று உண்டு: குப்பை வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. வெட்டிய புல்லைப் பொடியாகப் புல்தரையிலேயே விடலாம். துகளான கிளையை மரத்தடியில் இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் பரப்பினால் கோடையில் தண்ணீர் மிச்சம். தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டுப் போட்டால் கரையான் தொல்லையும் குறையும். வளாகத்தின் பின்பக்கம் மூன்றடிக் குழி இரண்டு வெட்டி மாறி மாறி நிரப்பினால், ஒன்று நிறைவதற்குள் மற்றது மக்கியிருக்கும்.

வாடிக்கையாளர் இதற்கு ஒப்ப மாட்டார் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. சட்டம் தோட்டக்காரர் பக்கம் இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவைத் தன் வளாகத்துக்குள் தனியே சேர்த்து வைத்து உள்ளாட்சி சொல்லும் முறையில் அகற்றும் கடமையை, கழிவை உண்டாக்கும் இடத்துக்காரர் மீதே வைத்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிறுவனங்களும் வேலியிட்ட குடியிருப்புகளும் மக்கும் கழிவை முடிந்தவரை உள்ளேயே மக்க வைக்க வேண்டும் என்றும் சொல்லின. அதாவது கல்லூரி, தொழிற்சாலை, பெரிய மண்டபம் ஆகியவற்றின் குப்பை, தோட்டக்காரரின் வண்டியில் ஏறியதும் மாயமாய் அவருடையதாகிவிடுவதில்லை. ‘உங்கள் வளாகத்திலேயே குழி போட்டுப் பராமரித்துத் தருகிறேன், மக்கை உங்கள் செடிக்கே இடுகிறேன்’ என்பது சலுகை கேட்பதல்ல, ஒரு சேவையை விற்பது.

எரிப்பது யாருக்கும் எளிதாகத் தோன்றும் வழி. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவு குப்பையை எரித்தால் 25,000 ரூபாய் என்று இழப்பீடு நிர்ணயித்தது. ஒரு தீக்குச்சியின் விலை ஏறக்குறைய நாற்பத்தாறு நடைக்குச் சமமாகலாம்.

தோல் தொழில் விட்டுச்சென்ற கணக்கு

கழிவுச் செலவைக் கணக்கில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரத்தைவிட நன்றாக அறிந்த ஊர்கள் இந்தியாவில் குறைவு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஊர்களின் தோல் பதனிடும் கூடங்கள் பல பத்தாண்டுகள் கழிவுநீரைப் பாலாற்றுப் படுகையில் விட்டன. தோல் ஏற்றுமதியாயிற்று, கழிவின் செலவு கிணற்றுக்கும் வயலுக்கும் போய்ச் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பட்டையில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதை அத்தீர்ப்பு பதிவுசெய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. கூடம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் விவகாரம் முடியவில்லை. 2025 ஜனவரி 30ஆம் தேதி அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது.

ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுப்போனது. 2015 ஜனவரி 31ஆம் தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

கவாத்துக் கிளைக்கும் குரோமியக் கசடுக்கும் நஞ்சில் ஒப்பீடே இல்லை என்பது உண்மை. ஒப்பீடு கணக்கில் இருக்கிறது. விலையில் ஏறாத கழிவுச் செலவு மறைவதில்லை. வேறொருவர் தலையில் இறங்குகிறது. ஏரிக்கரையில் சரித்த மூன்று நடை கிளை மழைக்காலத்தில் மதகை அடைக்கும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்த வட்டாரத்துக்கு வாய்க்கால் அடைப்பின் பொருள் தெரியும்.

தோல் தொழிலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பாடமும் உண்டு. ஒரு சிறு கூடம் தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது என்று தெரிந்தபோது, பலர் சேர்ந்து பொது நிலையம் கட்டி, விடும் நீரின் அளவுக்கேற்பச் செலவைப் பங்கிட்டார்கள். குறைகள் எத்தனை இருந்தாலும், அளந்து பங்கிடுவது என்ற அந்த முறை சரியானது. தோட்டக்காரர்களும் அதையே சிறிய அளவில் செய்யலாம்: பொதுவான ஒரு துகள் இயந்திரம், உழவர் நிலத்தில் பொதுவான ஒரு மக்குக் களம், நடைக்கு இவ்வளவு என்ற பங்கு.

இன்னொரு எச்சரிக்கையும் இந்த வட்டாரத்துக்கே உரியது. மக்குக் குவியலில் தோல் சீவல், தோல் துண்டு, கூடத்துக் கசடு எதுவும் கலக்கக் கூடாது. ‘நல்ல தழைச்சத்து’ என்று யார் சொன்னாலும், குரோமியம் ஏறிய மக்கு கத்தரிக்காய் நிலத்துக்குப் போகும் பொருளல்ல.

ஊரும் உலகமும்

வேலூருக்குக் கழிவை வளமாகப் பார்த்த மரபும் உண்டு. வேலூர் சீனிவாசன் என்று அறியப்படும் சி. சீனிவாசன், குப்பையைப் புதிதாக இருக்கும்போதே பல வகையாகப் பிரித்து, மக்குவதை மாட்டுக்கும் உரத்துக்கும் அனுப்பும் திட-திரவ வள மேலாண்மை முறையை இங்கே வளர்த்தார். சத்தீஸ்கரின் அம்பிகாபூர் நகரம் 2015 முதல் மகளிர் குழுக்களைக் கொண்டு அந்த வழியில் நடந்து, தன் குப்பைமேட்டையே மூடியது. தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் வளம் மீட்புப் பூங்கா என்ற பெயரில் உரக்கூடங்கள் இருக்கின்றன. பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் போன்ற பேரூராட்சிகளில் வேலை எடுப்பவர் முதலில் அங்கே போய், துகளாக்கிய தோட்டக் கழிவை எந்த நாளில், என்ன கட்டணத்தில் ஏற்பார்கள் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் தோட்டக்காரர் தம் வேலைக் கழிவை ஏற்றிச் செல்லவே அரசில் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் இலவசமாகக் கொட்டும் இடத்தில் தொழில்முறைத் தோட்டக்காரர் கட்டணம் தர வேண்டும். ஆகவே அங்கே விலைச்சீட்டில் கழிவுக்கெனத் தனி வரி இருப்பது இயல்பு. தமிழ்த் தொழிலாளர் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில், ‘கார்டன்ஸ் பை த பே’ பூங்கா நகரத்து மரக் கழிவை எரித்துத் தன் கண்ணாடிக் கூடங்களைக் குளிர்விக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பெறுகிறது. புனேயின் ‘பிரவுன் லீஃப்’ குழுவுக்கு இயந்திரமே தேவைப்படவில்லை. சருகு வைத்திருப்பவரையும் சருகு தேடுபவரையும் இணைத்துவிட்டது. அணைக்கட்டுக்கு ஏற்ற மாதிரி இந்தக் கடைசிதான். ஆடு வளர்ப்பவர், கீற்றுப் பின்னுபவர், விறகுக்கடைக்காரர், கத்தரி உழவர் என இருபது எண்கள் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு போதும்.

விலைச்சீட்டு

இவ்வளவும் ஒரு தாளில் வந்து முடிய வேண்டும். கொட்டேஷனில் மூன்று வரிகள் தனித்தனியே நிற்கட்டும். ஒன்று, ஆள் கூலியும் பொருளும். இரண்டு, வண்டி: அந்தத் திசைக்கான நாளில் அவர் பங்கு. மூன்று, கழிவு: வளாகத்துக்குள்ளேயே மக்க வைத்தால் இவ்வளவு, வெளியே எடுத்துப் போனால் நடை ஒன்றுக்கு இவ்வளவு. நடைச் செலவு 540 என்றால் 650 ரூபாய் என்று எழுதலாம். வண்டித் தேய்மானமும் ஒரு சிறு லாபமும் அதில் அடங்கும்.

இப்படி எழுதியதும் வாடிக்கையாளர் முதன்முறையாகத் தம் குப்பையின் விலையைப் பார்க்கிறார். சிலர் பேரம் பேசுவார்கள். சிலர் ‘அப்படியானால் பின்னால் குழி வெட்டிக்கோங்க’ என்பார்கள். இரண்டாவது பதில் கிடைத்தால் இருவருக்கும் லாபம். கழிவையும் சேர்த்து ஒரே தொகை கேட்கும்வரை, குப்பை குறைந்தால் யாருக்கு மிச்சம் என்பது யாருக்கும் தெரியாது.

ஆடி மாதக் காற்றுக்கு ஒடியும் கிளை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தழைக்கும் வேலி, பொங்கலுக்கு முந்தைய பெருஞ்சுத்தம் என்று ஆண்டில் சில காலம் கழிவு பெருகும். மாத ஒப்பந்தத்தில் இத்தனை நடை வரை அடக்கம், அதற்கு மேல் தனி என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் காலத்துத் தகராறு இராது. இதற்கு ஆதாரம் ஒரு சிறு நோட்டு: நாள், இடம், கிலோமீட்டர், நடை, எங்கே இறக்கியது. மூன்று மாதம் எழுதினாலே எந்த வாடிக்கையாளர் லாபம், எவர் நட்டம் என்பது தெரிந்துவிடும்.

தனியாரின் ஒழுங்கு மட்டும் போதாது. தோட்டக்காரர் கட்டணம் கொடுத்து நேர்மையாகக் கழிவை இறக்க ஓர் இடம் ஊராட்சி ஒன்றிய அளவில் வேண்டும். எடை போடும் மேடை, துகள் இயந்திரம், நடைக்கு நிலையான கட்டணம், ரசீது ஆகியவை அங்கே இருந்தால், ரசீது காட்ட முடிந்தவர் மட்டுமே பெரிய வளாகங்களின் வேலையைப் பெறும் நிலை வரும். அப்போது ஏரியில் சரித்துவிட்டு விலையைக் குறைத்துச் சொல்பவரோடு நேர்மையாளர் போட்டி போட வேண்டியிருக்காது. தோல் பட்டையில் மாசுபடுத்தியவரே கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு, கழிவு நிலத்தில் கலந்த பிறகுதான் நீதிமன்றத்தின் வழியே வந்தது. தோட்டத் தொழிலில் அதே கோட்பாட்டை வேலை தொடங்குமுன்னே கொட்டேஷனின் மூன்றாவது வரியில் எழுதிவிடலாம்.